முதல் தடத்தின் நீளம்

ஏப்ரல் 9, 2019, செவ்வாய்

இன்று என்னை ஆறாம் தடத்துக்கு மாற்றிவிட்டார்கள்.

பள்ளிக்கூட மைதானத்து ஓடுதளத்தில் பத்து நாளாக முதல் தடத்தில்தான் நடந்துகொண்டிருந்தேன். ஒருவரும் ஒன்றும் சொன்னதில்லை. இன்று விசில் மாட்டிய விளையாட்டு ஆசிரியர் வந்து, வேலியில் தொங்கும் தகரப் பலகையைச் சிரித்துக்கொண்டே காட்டினார். ‘நடப்பவர்கள் வெளித் தடங்களைப் பயன்படுத்தவும்.’ இந்த ஊரில் எதையும் சிரித்துக்கொண்டேதான் செய்கிறார்கள்.

விதி என்றால் விதி. ஆனால் அதே நேரத்தில் முதல் தடத்தில் ஒரு கிழவர் இடுப்பைச் சாய்த்துச் சாய்த்து நடந்து போனார். அவருக்குப் பலகை கிடையாதா என்று கேட்டேன். "ஓ, அது வெர்ன்" என்றார் ஆசிரியர். அதுதான் பதிலாம்.

நெப்ராஸ்கா மாநிலம், ஃபேர்ஹோம் என்ற ஊர். ஜனத்தொகை இரண்டாயிரத்துச் சொச்சம். அதில் ஒருவருக்கு மட்டும் முதல் தடம். முப்பத்து நான்கு வருடம் நில அளவைத் துறையில் இருந்தவன் நான். ஆக்கிரமிப்பைப் பார்த்தால் எனக்குத் தெரியும்.

ஏப்ரல் 10

பனி. சித்திரை பிறக்க நாலு நாள் இருக்கும்போது பனி. மகளிடம் சொன்னேன். "அதுக்கு நான் என்னப்பா பண்ண?" என்றாள். யாரும் எதற்கும் பொறுப்பேற்பதில்லை.

ஏப்ரல் 14, ஞாயிறு

வருடப் பிறப்பு. மகள் கோமதி டப்பா மாங்காயில் பச்சடி செய்தாள். வேப்பம்பூ இல்லை. கசப்பில்லாமல் ஒரு வருடம் பிறந்ததாக வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

மாப்பிள்ளைக்கு ஒமாகாவில் வேலை. ஞாயிறு மாலை போனால் வெள்ளிதான் வருவார். அவரை வழியனுப்ப ஊர் எல்லை வரை காரில் போனோம். அங்கே பெரிய பலகை. ‘வெர்ன் டிட்மரின் ஊர் உங்களை வரவேற்கிறது. 880 கெஜ ஓட்டம், 1 நிமிடம் 51.2 வினாடி. மாவட்டச் சாதனை, 1969.’

"அம்பது வருசமா ஒருத்தனும் முறியடிக்கலியா?" என்றேன்.

"முறியடிக்க முடியாதுப்பா. இப்ப எல்லாரும் மீட்டர்ல ஓடுதாங்க. 880 கெஜம்னு ஒரு ஓட்டமே கிடையாது."

ஓடுகிறவர்களே இல்லாத ஓட்டத்தில் முதலிடம். எங்கள் துறையிலும் இப்படிச் சிலர் இருந்தார்கள். தலைமை அளவர் ஆனார்கள்.

"அவரு எங்கிட்டதான் மருந்து வாங்குவாரு" என்றாள் கோமதி. ஊரின் ஒரே மருந்துக்கடையில் அவள்தான் மருந்தாளுநர். "ரொம்ப நல்ல மனுசன். நீங்க அவர்ட்ட எதையும் ஆரம்பிச்சிராதீங்க."

நான் எதையும் ஆரம்பித்ததில்லை. மற்றவர்கள் தப்பாக ஆரம்பித்ததை முடித்து வைத்திருக்கிறேன்.

ஏப்ரல் 17, புதன்

நூறு அடி எஃகு நாடா வாங்க ஹார்டுவேர் கடைக்குப் போனேன். கல்லாவில் உட்கார்ந்திருப்பது முதல் தடத்துக் கிழவர், அதே டிட்மர்.

இந்த மனிதர் பேசும் ஆங்கிலம் இழுவையான, சோளக்காட்டு ஆங்கிலம். அதை ஏட்டுத் தமிழில் எழுதினால் பொய்யாக இருக்கிறது. சங்கரன்கோவில் பக்கத்துப் பேச்சில் எழுதினால் ஆள் அப்படியே வந்துவிடுகிறார். அப்படியே எழுதுகிறேன்.

"என்ன ஓய், எதை அளக்கப் போறீரு?"

"நிலம்."

"யார் நிலம்?"

"பொது நிலம்."

அதற்குமேல் கேட்கவில்லை. பெயர் கேட்டார். குற்றாலலிங்கம் என்றேன். இரண்டு முறை முயன்று "லிங்" என்று நிறுத்திக்கொண்டார். முக்கால் சாமியைக் கல்லாப் பெட்டிக்குள் போட்டு மூடிவிட்டார்.

ஏப்ரல் 21, ஞாயிறு

ஈஸ்டர். ஊர் மொத்தமும் தேவாலயத்தில். காலை ஏழரை முதல் பதினொன்று வரை ஓடுதளத்தை அளந்தேன்.

பழைய காலத்துத் தளம். கரிச்சாம்பல் கொட்டி இறுக்கியது. உள்பக்கம் சுற்றிலும் சிமென்ட் விளிம்பு. 440 கெஜம், அதாவது 1320 அடி இருக்க வேண்டும். நாடாவை விளிம்பை ஒட்டிப் போட்டு, நூறு நூறு அடிக்கு ஆணி குத்தி, தனியாளாக மூன்று சுற்று அளந்தேன். மூன்று முறையும் ஒரே எண்.

1313 அடி 9½ அங்குலம்.

ஆறு அடி இரண்டரை அங்குலம் குறைகிறது. 880 கெஜத்துக்கு இரண்டு சுற்று. பன்னிரண்டு அடி ஐந்து அங்குலம். டிட்மரின் வேகத்துக்கு அரை வினாடி.

மதியம் கோமதியின் கணினியில் பார்த்தேன். டிட்மருக்கு முந்தைய சாதனை பக்கத்து ஊரான க்ளேடன்காரர் ஒருவருடையது. 1 நிமிடம் 51.5. டிட்மர் அவரை வென்றது பத்தில் மூன்று பங்கு வினாடியில், அரை வினாடிக்கும் குறைவு.

அளவு எழுதிய தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். சாப்பாடு நன்றாக இருந்தது.

ஏப்ரல் 23

ஆறாம் தடத்தில் நடந்துகொண்டிருந்தேன். டிட்மர் முதல் தடத்திலிருந்து கூப்பிட்டார்.

"எதுக்குவே அந்தக் கோடியில போயி நடக்கீரு? இங்க வாரும்."

பலகையைக் காட்டினேன்.

"அது ஓடுதவனுக்கு இடைஞ்சலா நடக்கவனுக்கு. காலைல ஆறரைக்கு எவன் ஓடுதான்?"

போனேன். விதியைத் தளர்த்தியது அவர்; நான் அல்ல.

ஏப்ரல் 30

இன்றும் எட்டுச் சுற்று. அவருக்கு இடுப்பில் உலோகம் வைத்திருக்கிறார்கள். நான் வேகத்தைக் குறைத்து நடக்கிறேன். அவரும் எனக்காகக் குறைத்து நடப்பதாகச் சொல்கிறார். இந்த மாதிரி நடந்தால் இரண்டு பேரும் ஒருநாள் நின்றுவிடுவோம்.

மே 3

அந்த ஓட்டத்தைப் பற்றிக் கேட்டேன். அளவைக்கு வேண்டிய பின்னணி என்பதால்.

"நூத்திப் பதினோரு வினாடி ஓடினேன் ஓய். அதையே அம்பது வருசமா கேக்கானுவ. ஆணி வாங்க வந்தாக் கேக்கானுவ, எங்கப்பா சாவுக்கு வந்தவனும் கேட்டான். முப்பது வருசம் தீயணைப்புப் படையில இருந்தேன். அதை ஒருத்தனும் கேட்டதில்ல."

நான் 1983 கதையைச் சொன்னேன். மூன்று சென்ட் நிலம். ஊரின் பெரிய மனிதர் ஒருவர் வேலியைத் தள்ளிப் போட்டிருந்தார். நான் கோட்டை எங்கே போட்டேனோ அங்கேயேதான் நின்றேன். என்னை விளாத்திகுளத்துக்குத் தூக்கி அடித்தார்கள். பதினொரு வருடம் பதவி உயர்வு இல்லை. கோர்ட்டு மறு அளவைக்கு உத்தரவு போட்டது. என் கோடு அரை அங்குலம் நகரவில்லை. அளவைச் சங்கிலி பிடிக்கும் ஆளாகச் சேர்ந்து, தானே புத்தகம் வாங்கிப் படித்து அளவர் ஆனவன் நான். என் அளவை எந்த மறு அளவையிலும் மாறியதில்லை.

டிட்மர் முழுக்கக் கேட்டார். நடுவில் இரண்டு கேள்வி கேட்டார். இரண்டும் சரியான கேள்விகள். கோமதி இந்தக் கதையை இதுவரை விளாத்திகுளத்தைத் தாண்டவிட்டதில்லை.

மே 9

கோமதி செய்தி கொண்டுவந்தாள். பழைய ஓடுதளத்தைத் தோண்டி எடுத்துவிட்டு, ரப்பர் போட்டுப் புதிதாக 400 மீட்டர் தளம் அமைக்கிறார்களாம். இருபத்தெட்டாம் தேதி இயந்திரம் வருகிறது. சாதனையின் ஐம்பதாம் ஆண்டு என்பதால் ‘டிட்மர் களம்’ என்று பெயர் வைக்கப் பதின்மூன்றாம் தேதி பள்ளி வாரியம் கூடுகிறது. பொதுமக்களும் பேசலாம்.

"நீங்களும் வாங்கப்பா. அவருக்கு சந்தோசமா இருக்கும்."

சட்டைப்பையில் தாள் இருந்தது.

மே 12

நடக்கும்போது டிட்மரிடம் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். ஆனால் அளவைக் குறிப்பைச் சம்பந்தப்பட்டவரிடம் முன்கூட்டியே காட்டுவது முறையல்ல. 1983இல் அந்தப் பெரிய மனிதருக்கும் நான் காட்டவில்லை.

அவர் ஒரு டப்பாவில் மனைவி செய்த ருபார்ப் பை கொண்டுவந்திருந்தார்; ஏதோ தண்டை மாவுக்குள் வைத்துச் சுட்ட பலகாரம். புளிப்பு. மிச்சம் வைக்கவில்லை.

மே 13, திங்கள்

கூட்டத்துக்கு அறுபது எழுபது பேர். வாரியத் தலைவியம்மாள் "யாராவது பேச விரும்புகிறீர்களா?" என்றார். எழுந்தேன். அடிகள், அங்குலங்கள், மூன்று முறை அளந்தது, அரை வினாடி எல்லாவற்றையும் சொன்னேன். ஆங்கிலம் தடுமாறவில்லை.

ஒருவரும் கத்தவில்லை. எங்கள் ஊராக இருந்தால் நாற்காலி பறந்திருக்கும். தலைவியம்மாள் "மிக்க நன்றி, மிகவும் சுவாரசியமாக இருந்தது" என்றார். யாரோ இருமினார்கள். எல்லோரும் டிட்மரைப் பார்த்தார்கள்.

டிட்மர் உட்கார்ந்தபடியே சொன்னார்: "லிங் அளந்தா சரியாத்தான் இருக்கும்."

பெயர் வைக்கும் தீர்மானத்தை ஜூன் பத்தாம் தேதிக்குத் தள்ளி வைத்தார்கள்.

கோமதி வீட்டு வாசல் வரை காரை ஓட்டி வந்தாள். வண்டியை நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "இந்த ஊருல பதினாலு வருசமா இருக்கேன்ப்பா. நீங்க வந்து ரெண்டு மாசம் ஆகல."

"உண்மைக்கு வருசக் கணக்கு கிடையாது."

"அவரு உங்க ஃபிரண்டுதானப்பா?"

நடைப் பழக்கம் என்று திருத்தினேன்.

மே 14

ஆறரைக்கு டிட்மர் வரமாட்டார் என்று நினைத்தேன். ஆறு இருபதுக்கே நின்றுகொண்டிருந்தார். எட்டுச் சுற்று. மழை வருமா என்று பேசினோம்.

மே 16

இந்த ஊரில் கோபம் வந்தால் வானிலை பேசுகிறார்கள் என்பதைக் கண்டுகொண்டேன். தபால்காரர் வானிலை பேசினார். அடுத்த வீட்டு அம்மாள் வானிலை பேசினாள். மருந்துக்கடைக்கு வருகிறவர்கள் கோமதியிடம் வானிலை பேசிவிட்டு, மருந்தை வாங்காமல் க்ளேடன் வரை இருபது மைல் போகிறார்களாம்.

ஊர் எல்லைப் பலகையைக் காணோம். வண்ணம் பூச எடுத்திருப்பதாகச் சொல்கிறார்கள். க்ளேடன் பத்திரிகை முதல் பக்கத்தில் போட்டிருக்கிறது. அதில் என் பெயரைச் சரியாக அச்சிட்டிருக்கிறார்கள். இந்த நாட்டில் என் பெயர் முழுதாக வந்தது இதுதான் முதல் முறை. வெட்டி வைத்திருக்கிறேன்.

மே 21, செவ்வாய்

விடியும் முன் மழை பெய்திருந்தது. நான் போகும்போது டிட்மர் ஒரு சுற்று முடித்திருந்தார். ஈரக் கரியில் அவர் காலடிகள் மட்டும் வரிசையாக, தளம் முழுக்க, கயிறு கட்டி வைத்தது போல விளிம்பிலிருந்து ஒரே தூரத்தில். சுமார் ஓர் அடி. நேர்க்கோட்டிலும் ஓர் அடி, வளைவிலும் ஓர் அடி.

"விளிம்ப ஒட்டி நடந்தா தூரம் மிச்சம்தானே?" என்றேன்.

"நடக்கலாம். ஓட முடியாது ஓய். கால் சிமென்ட்டுல தட்டும், கணுக்கால் போயிரும். பதினாறு வயசுல வந்த பழக்கம், இன்னும் போவல."

வீட்டுக்கு வந்து கோமதியின் மருந்துச் சீட்டுக் காகிதத்தின் பின்பக்கம் ஒரு வட்டம் போட்டேன். அதற்கு வெளியே ஓர் அடி தள்ளி இன்னொரு வட்டம். வெளி வட்டம் எவ்வளவு அதிகம்? பை என்ற 3.14இன் இருமடங்கு. ஆறு அடி மூன்று அங்குலம், கொஞ்சம் கூடுதல். குறைகிறது என்று நான் கூட்டத்தில் சொன்னது ஆறு அடி இரண்டரை அங்குலம்.

நிலத்துக்கு எல்லை என்பது கல்லும் கோடும். நாடாவைக் கோட்டின் மேல்தான் போட வேண்டும். முப்பத்து நான்கு வருடம் அப்படித்தான் போட்டேன். கோட்டின் மேல் ஒருவரும் ஓடுவதில்லை என்பதை எந்த அளவைப் புத்தகமும் சொல்லவில்லை.

காகிதத்தைக் கிழித்துவிட்டேன். கோமதி தேடினாள்.

மே 22

இருபத்தெட்டாம் தேதிக்கு இன்னும் ஆறு நாள். இயந்திரம் வந்த பிறகு மறு அளவை என்பதே இயலாது. யாராலும். என்றைக்கும். இதை ஒரு தகவலாக மட்டும் எழுதுகிறேன்.

மே 23

ஐந்து நாள்.

மே 24

காலையில் நடக்கப் போகவில்லை. முழங்கால் வலி. மாலையில் கோமதி "எந்த முழங்கால்ப்பா?" என்றாள். இடது என்றேன். காலையில் வலது என்று சொன்னேனாம்.

டிட்மர் கடையை மூடிவிட்டு வாசலுக்கு வந்து, களிம்பு ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனாராம். குதிரைக்குப் போடுகிற களிம்பு. கோமதி என் முன்னால் வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்தாள். அவள் அம்மா ராஜமும் இப்படித்தான் பார்ப்பாள். "தப்புன்னு ஒரு தடவ சொன்னா வாயா வெந்துரும்?" என்பாள். நாற்பத்தொரு வருடம் கேட்டாள். வெந்துவிடுமோ என்னவோ, நான் சோதித்துப் பார்த்ததில்லை.

மே 25, சனி

மறு அளவை என்பது துறையில் எழுதி வைத்த நடைமுறை. மனு வேண்டும், சாட்சி வேண்டும், சம்பந்தப்பட்டவர் ஆஜராக வேண்டும். மனுவை நானே எழுதி, நானே பெற்றுக்கொண்டேன். விசில் ஆசிரியரைச் சாட்சியாகக் கூப்பிட்டேன். தூக்கக் கலக்கத்தில் வந்தார். டிட்மரிடம் நாடாவின் மறுமுனையைப் பிடிக்கச் சொன்னேன்.

"நான் ஒமக்கு சங்கிலி பிடிக்கணுமா?" என்றார்.

"நான் எட்டு வருசம் பிடிச்சிருக்கேன். கை தேஞ்சுராது."

எங்கே அளக்கப் போகிறோம் என்று நான் இன்னும் சொல்லவில்லை. கிழவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். நாடாவின் முனையை விளிம்பிலிருந்து சரியாக ஓர் அடி தள்ளி வைத்தார். வைத்துவிட்டு, "ஆரம்பிக்கலாமா?" என்றார்.

நான் சிறிது நேரம் நாடாவை அவிழ்த்துக்கொண்டிருந்தேன். அது சிக்கியிருந்தது.

சுற்றி முடிக்க இரண்டு மணி நேரம் ஆயிற்று. 1320 அடி 1 அங்குலம். குறையவில்லை, ஓர் அங்குலம் கூடுதல். அன்றைக்கு இரண்டு அங்குலம் அதிகமாகவே ஓடியிருக்கிறார். ஆசிரியர் கையெழுத்துப் போட்டுவிட்டு, காபி குடிக்க ஓடினார்.

"உமக்குத் தெரியும்" என்றேன்.

"ஓரடி தள்ளித்தான் அளக்கணும்னு ஓடுத பயலுவ எல்லாருக்கும் தெரியும் ஓய். எங்கப்பாதான் இந்த விளிம்பக் கட்டினாரு. அன்னைக்கும் நாடா பிடிச்சது நான்தான்."

"அப்ப கூட்டத்துல ஏன் வாயத் திறக்கல?"

"திறந்திருந்தா மறுநாள் காலைல நீரு நடக்க வந்திருப்பீரா?"

இந்தக் கேள்வி அளவைக்குச் சம்பந்தம் இல்லாதது. நாடாவைச் சுருட்டினேன்.

"பலகையக் கழட்டிட்டானுவளே. பேரும் போயிருக்கும்" என்றேன்.

"நூத்திப் பதினோரு வினாடி எம்புட்டு நேரம்?" என்றார். "எட்டுச் சுத்துக்கு ஒரு மணி நேரம் ஆவுது."

உண்மையை அளவை அதிகாரியிடமிருந்து மறைப்பது குற்றம் என்று எடுத்துச் சொன்னேன். ஆமாம் என்று ஒத்துக்கொண்டார். பிறகு நடந்தோம். எட்டு முடிந்த பிறகு இன்னும் இரண்டு.

மே 28

இயந்திரம் வந்தது. முதலில் விளிம்பை உடைத்தார்கள். டிட்மரும் நானும் வேலிக்கு வெளியே நின்று பார்த்தோம். தன் அப்பா கட்டிய சிமென்ட்டில் ஒரு துண்டை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். மழை வருமா என்று கேட்டேன். வராது என்றார்.

ஜூன் 10, திங்கள்

கூட்டம். அறிக்கையைப் படித்தேன். ‘முதல் அளவை எல்லைக்கானது. இரண்டாம் அளவை ஓட்டத்துக்கானது. தளத்தின் நீளம் 1320 அடி 1 அங்குலம்.’ நல்ல அறிக்கை. இரண்டு அளவைகளுக்கும் அதில் இடம் இருக்கிறது.

தலைவியம்மாள் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: "எனக்குச் சரியாகப் புரியவில்லை. போன மாதம் நீங்கள் சொன்னது தவறா?"

அறுபது எழுபது பேர். டிட்மர் தன் தொப்பியின் உள்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோமதி மருந்துக்கடை வெள்ளைக் கோட்டோடு கடைசி வரிசையில் நின்றாள்.

கேட்டதற்குப் பதில் சொன்னேன். ஒரே ஒரு வார்த்தை. கோமதி அதைப் போனில் மாப்பிள்ளையிடம் மூன்று தடவை சொன்னாள், அவர் நம்பவில்லை போலிருக்கிறது. அதை இங்கே எழுத வேண்டிய அவசியம் இல்லை. பள்ளி வாரியத்தின் குறிப்பேட்டில் இருக்கிறது.

வாய் வேகவில்லை.

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

ஜூன் 13

ஊர் எல்லைப் பலகை திரும்பி வந்துவிட்டது. வண்ணம் பூசியதாகத் தெரியவில்லை.

தபால்காரர் இன்று வானிலை பேசவில்லை. முழங்கால் எப்படி இருக்கிறது என்று கேட்டார். எந்த முழங்கால் என்றேன்.

ஆகஸ்ட் 19

டிட்மர் களம் திறந்தார்கள். சிவப்பு ரப்பர், எட்டுத் தடங்கள், வெள்ளைக் கோடுகள். வேலியில் புதுப் பலகை: ‘நடப்பவர்கள் எட்டாம் தடத்தை மட்டும் பயன்படுத்தவும். விதிவிலக்கு இல்லை.’ விசில் ஆசிரியர் சிரித்துக்கொண்டே டிட்மருக்கும் அதைக் காட்டினார். பெயர் அவருடையது, தடம் எட்டாவது.

"இது நியாயம்" என்றேன் டிட்மரிடம்.

"ஒமக்கு சந்தோசமா இருக்குமே" என்றார்.

எட்டாம் தடத்தில் நடந்தோம். இங்கே சுற்று நீளமானது. பேசுவதற்கு நேரம் கூடுதலாகக் கிடைக்கிறது என்பதைத் தவிர வேறு நன்மை இல்லை.

முதல் தடம் சரியாக நானூறு மீட்டர் என்கிறார்கள். உள்பக்கம் விளிம்பு கட்டவில்லை, வெறும் கோடுதான். விளிம்பு இல்லாவிட்டால் எவ்வளவு தள்ளி அளக்க வேண்டும் என்று இந்த முறை முன்பே கேட்டு வைத்துக்கொண்டேன். டிட்மர் நாளை ஆறேகாலுக்கு வருகிறார். மறுமுனையை அவர் பிடிப்பார்.